அடிபட்டவன் அகராதி

ஏலே பேராண்டி, அந்தப் பரீட்சைப் புத்தகத்தைக் கொஞ்சம் மூடிட்டு இங்ஙன வந்து உக்காரு. வாய் வலிக்கலையால ஒனக்கு? விடிஞ்சா சப்நெட்டு, அடைஞ்சா ஃபயர்வாலு. வீட்டுச் சுவத்துக்கு வெள்ளையடிச்சதே தெரியாத அளவுக்கு மஞ்சச் சீட்டு ஒட்டி வச்சிருக்கே. பீரோவுல ‘எலாஸ்டிசிட்டி’, ஃபிரிட்ஜுல ‘என்க்ரிப்ஷன்’. அரிசி டப்பாவுல ஒட்டியிருந்த ‘ஸ்கேலபிலிட்டி’யைப் பாத்துட்டு, “இது என்ன புது அரிசியா, குழையுமா?”ன்னு ஒங்க ஆச்சி என்கிட்ட கேக்கா.

கெழவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு நெனைக்காதே. நீ கத்திப் படிக்கதை ஓசியில கேட்டுக் கேட்டே பாதி எனக்கு மனப்பாடம். மீதிக்கு, நீ புதுப் போன் வாங்கினப்பம் என் தலையில கட்டிட்டுப் போனியே ஒரு பழைய போன், அதுல துருவித் துருவி வாசிச்சேன். கண்ணாடி போட்டு வாசிக்கிறவன் மெதுவாத்தான் வாசிப்பான். ஆனா வாசிச்சதை விட மாட்டான்.

இன்னொண்ணையும் இப்பவே சொல்லிடுதேன். ஊருக் கெழவன்னா ஃபயர்வாலை வேலின்னும், ரவுட்டரைத் தபால்காரன்னும், ஹேக்கரைக் கோழி பிடிக்க வந்த நரின்னும் சொல்லுவான்னு காத்துக்கிட்டு இருக்காதே. அதையெல்லாம் ஒன் கோச்சிங் மாஸ்டர் காசு வாங்கிக்கிட்டே சொல்லி முடிச்சிட்டாரு. கேக்கச் சொகமாத்தான் இருக்கும். பரீட்சையில குடுக்கிற நாலு விடையும் வேலியாவே நிக்கும்போதுதான் சங்கதி தெரியும்.

நான் சொல்லுதது வேற. ஒன் புத்தகத்துல இருக்கிற ஒவ்வொரு சொல்லும் எவனோ ஒருத்தன் எங்கயோ பட்ட அடி. அடி வாங்கினவன் எந்திரிச்சுத் தூசியத் தட்டிட்டு, இனிமே இப்படி நடக்கக் கூடாதுன்னு ஒண்ணைச் செஞ்சான். செஞ்சதுக்கு ஒரு பேரு வச்சான். நீ பேரை மட்டும் படிக்கே, அதான் ராத்திரி ஏறினது காலையில எறங்கிடுது. அடியைப் படிலே. பேரு தன்னால ஒட்டிக்கிடும்.

ஓஎஸ்ஐ அடுக்கு ஏழையும் நீ ஒப்பிக்கதைக் கேட்டேன். பிசிக்கல், டேட்டா லிங்க், நெட்வொர்க், டிரான்ஸ்போர்ட், செஷன், பிரசன்டேஷன், அப்ளிகேஷன். மேல இருந்தும் வருது, கீழ இருந்தும் வருது. நல்லாருக்கு. 1984-ல ஐஎஸ்ஓ போட்ட ஏட்டுக் கணக்கு அது. இன்டர்நெட்டு என்னமோ டிசிபி/ஐபின்னு தன் வழியில ஓடிக்கிட்டுக் கெடக்கு, இந்த ஏழு பேர்கிட்டயும் அனுமதி கேட்டு ஓடலை. அப்பம் எதுக்கு இதைப் படிக்கச் சொல்லுதான்? கோளாறு எந்த அடுக்குல இருக்குன்னு ஒழுங்காத் தேடுததுக்கு. போன வாரம் நெட்டு வரலைன்னு, ‘டிஎன்எஸ் போயிட்டு, டிஎன்எஸ் போயிட்டு’ன்னு லாப்டாப்பைப் போட்டு அந்தத் தட்டு தட்டினேல்லா? ஆச்சி ரவுட்டர் ப்ளக்கைப் புடுங்கிட்டு மிக்ஸியைச் சொருகியிருந்தா. நீ ஏழாவது அடுக்குல தேடிக்கிட்டு நிக்கே, கோளாறு மொத அடுக்குல தேங்காச் சட்னி அரைச்சுக்கிட்டு இருக்கு. கீழ இருந்து தேடுன்னு ஒன் புத்தகத்துலயே போட்டிருக்கான். அதை மட்டும் சீட்டுல எழுதி ஒட்டலை நீ.

சரி, டிஎன்எஸ்னு வாய் ஓயாமச் சொன்னேல்லா, அது யாரு பட்ட அடி தெரியுமா? அந்தக் காலத்துல நெட்வொர்க்குல இருந்த மெஷின் பேரும் நம்பரும் ஒரே ஒரு கோப்புல எழுதி வச்சிருந்தான். கலிபோர்னியாவுல எஸ்ஆர்ஐங்கிற ஆராய்ச்சி நிலையத்துல எலிசபெத் ஃபைன்லர்ங்கிற அம்மாவோட குழு அதைப் பாத்துக்கிட்டாங்க. புது மெஷின் வந்தா அவங்களுக்குச் சொல்லணும், அவங்க எழுதணும், ஊர்ல உள்ளவன் எல்லாம் அந்தக் கோப்பை எறக்கிக்கிடணும். மெஷின் பெருகப் பெருக எழுதி மாளலை. 1983-ல பால் மொக்காபெட்ரிஸ்னு ஒருத்தர், ஒரே ஏடு வேண்டாம், அவனவன் பகுதிக் கணக்கை அவனவனே வச்சுக்கிடட்டும், கேக்குதவன் மேல இருந்து கீழ விசாரிச்சுக்கிட்டு வரட்டும்னு பிரிச்சு விட்டாரு. அதுதான் டிஎன்எஸ். போர்ட் 53.

அது கெட்டா என்ன ஆகும்னு பாக்கணும்னா 2021 அக்டோபர் 4-ஐப் பாரு. ஃபேஸ்புக்கு, வாட்ஸாப்பு, இன்ஸ்டாகிராம் மூணும் ஆறு மணி நேரம் போலப் படுத்துக்கிட்டுது. பராமரிப்பு வேலையில குடுத்த ஒரு கட்டளை, அவனோட டேட்டா சென்டர்களைச் சேர்க்கிற முதுகெலும்பு நெட்வொர்க்கையே அறுத்துட்டு. அதைக் கண்ட டிஎன்எஸ் சர்வர்கள், நமக்கு உடம்பு சரியில்லைன்னு முடிவு பண்ணி, ‘நாங்க இங்ஙன இருக்கோம்’னு வெளியே சொல்லுத பிஜிபி அறிவிப்பைத் தாங்களே வாபஸ் வாங்கிட்டு. சர்வர் நல்லாத்தான் இருந்துச்சு, எங்க இருக்குன்னுதான் ஒலகத்துல ஒருத்தனுக்கும் தெரியலை. சரி பண்ணப் போன இன்ஜினியருக்கும் அதே நெட்டுதான் வழி. அதுவும் கெடையாது. ‘அவுட் ஆஃப் பேண்ட்’ நிர்வாகம்னு ஒரு சீட்டு ஒட்டி வச்சிருக்கியே, பெரிய நெட்டு செத்தாலும் உள்ள நுழைய தனி வழி வேணும்ங்கிறதுதான் அது. அன்னைக்கு வாட்ஸாப்பு இல்லாம நீ நிம்மதியாச் சாப்பிட்டே, அது வேற கதை.

அடுத்தது ஐபி நம்பர். 1981-ல ஐபிவி4-க்கு 32 பிட் வச்சான். கணக்குப் போட்டா 429 கோடி சொச்சம். ஒலகத்துக்கே போதும்னு அப்பம் தோணியிருக்கு. 2011 பிப்ரவரியில நடுக் கிட்டங்கியில இருந்த கடைசிக் கட்டும் காலி. அதுக்கு முந்தியே வெவரமானவன் முழிச்சுக்கிட்டான். 1996-ல மூணு வரிசையை ஒதுக்கி வச்சு, இதை அவனவன் வீட்டுக்குள்ள இஷ்டம் போல வச்சுக்கோ, வெளியே கொண்டு போகாதேன்னான். 10-ல ஆரம்பிக்கிறது ஒண்ணு, 172.16-ல இருந்து 172.31 வரைக்கும் ஒண்ணு, 192.168 ஒண்ணு. வெளியே போகணும்னா ‘நாட்’ங்கிறது ஒரு பொது நம்பரைக் குடுத்து அனுப்பும். 172-ல தான் பரீட்சைக்காரன் பள்ளம் வெட்டுவான். 172.32-ஐக் குடுத்து பிரைவேட்டான்னு கேப்பான். நீ 172-ன்னதும் ஆமான்னு தலையாட்டுவே. போச்சு.

சப்நெட்டுக் கணக்கும் அப்படித்தான். /24-ன்னா 256 நம்பர். மொதல்லயும் கடைசியிலயும் ஒண்ணொண்ணு போனா 254. இது நெட்வொர்க் பரீட்சைக்குச் சரி. அமேசான் பரீட்சையில அதையே எழுதினா அம்போ. அவன் ஒவ்வொரு சப்நெட்டுலயும் அஞ்சை எடுத்து மடியில கட்டிக்கிடுவான். 251-தான் ஒனக்கு. /28-ன்னா 16-ல 11. எந்தப் பரீட்சை எழுதுதோம்னு தெரிஞ்சுக்கிட்டுக் கணக்குப் போடு. ஒங்க அப்பன் ஒரு பரீட்சைக்குப் படிச்சிட்டு இன்னொண்ணை எழுதப் போனவன், அந்த ரத்தம் ஒன் ஒடம்புலயும் ஓடுது.

போர்ட் நம்பரை நீ உருப்போடுததைப் பாத்தா பாவமா இருக்கு. 21, 22, 23. கதை தெரிஞ்சா ஒரு தடவை போதும். 23 டெல்நெட், பாஸ்வேர்டை அப்படியே பச்சையா அனுப்பும். 21 எஃப்டிபி, அதுவும் அதே லட்சணம். 1995-ல பின்லாந்துல ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல எவனோ ஒருத்தன் நெட்வொர்க்குல ஒட்டுக்கேட்டு பாஸ்வேர்டுகளை அள்ளிட்டான். அங்க இருந்த டாட்டு யுலோனென் கடுப்பாகி எஸ்எஸ்ஹெச்சை எழுதினாரு. டெல்நெட்டையும் எஃப்டிபியையும் ஒழிச்சுக்கட்ட வந்தது, ரெண்டுக்கும் நடுவுல 22 சும்மாக் கெடக்கு, அதைக் குடுங்கன்னு கேட்டு வாங்கினாரு. இனிமே 22-ஐ மறப்பியா? மறந்தா சொல்லு, ஆச்சிகிட்டச் சொல்லி ராத்திரி கருப்பட்டித் தோசையை நிப்பாட்டுதேன்.

இப்பம் கிளவுடுக்கு வருவோம். இந்தச் சொல்லை ஆளாளுக்கு அவனவன் சரக்கு மேல ஒட்டி வித்துக்கிட்டு இருந்தான். 2006 மார்ச்சுல அமேசான் டேட்டா வைக்கிற எஸ்3-ஐத் தெறந்தான், அதே வருசம் மெஷினை வாடகைக்கு விடுத ஈசி2 வந்துச்சு, அப்புறம் பழைய சர்வர் வித்தவனும் ‘நானும் கிளவுடு’ன்னு போர்டு மாட்டினான். இந்தக் கூத்துக்கு அளவுகோல் வேணும்னு அமெரிக்காவோட நிஸ்ட் நிறுவனம் 2011 செப்டம்பர்ல ஒரு சின்ன ஏடு போட்டுது. அஞ்சு லட்சணம், மூணு சேவை வகை, நாலு அமைப்பு. தானே எடுத்துக்கிடணும், எங்க இருந்தும் நெட்டுல எட்டணும், பலபேரு பங்கு போட்டுக்கிடணும், தேவைக்கு வீங்கிச் சுருங்கணும், அளந்து காசு வாங்கணும். இந்த அஞ்சும் இருந்தாத்தான் கிளவுடு. ஐஏஏஎஸ், பிஏஏஎஸ், எஸ்ஏஏஎஸ் மூணு. பப்ளிக், பிரைவேட், கம்யூனிட்டி, ஹைப்ரிட் நாலு. எல்லாப் பரீட்சைக்காரனும் இந்த ஏட்டுல இருந்துதான் கேள்வியை உருவுதான்.

அஞ்சாவது லட்சணத்தை மட்டும் நீ சரியாப் படிக்கலைன்னு எனக்குச் சந்தேகம். அளந்து காசு வாங்குறதுன்னா, நீ பாத்தாலும் அளப்பான், தூங்கினாலும் அளப்பான். பயிற்சிக்குன்னு ஒங்க அப்பன் கார்டைக் குடுத்து ஒரு ஈசி2 மெஷினைக் கெளப்பி விட்டியே, அதை நிப்பாட்டினியா? ‘ஃப்ரீ டயர் தாத்தா, காசு வராது’ன்னே. ஓசிக்கும் எல்லை உண்டுலே. மொதல்ல செலவு வரம்பு வச்சு, தாண்டினா மெயில் வர்ற மாதிரி ஒரு அலாரம் வைக்கணும். எந்தப் பாடத்துக்கும் முந்தின பாடம் அதுதான்.

ரீஜன், அவைலபிலிட்டி ஸோன் ரெண்டையும் நீ போட்டுக் குழப்புத. மும்பை ஒரு ரீஜன், அமேசான் 2016-ல தெறந்தான். ஐதராபாத் இன்னொண்ணு, 2022-ல. ஒரு ரீஜனுக்குள்ள தனித்தனி கரண்டு, தனித்தனிக் கட்டடம்னு தள்ளித் தள்ளி வச்சிருக்கதுதான் ஸோன். எதுக்குத் தள்ளி வைக்கணும்? 2021 மார்ச் 10-ம் தேதி ராத்திரி பிரான்சுல ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துல ஓவிஹெச் கம்பெனியோட டேட்டா சென்டர் தீப்பிடிச்சுது. நாலு கட்டடம், ஒரே வளாகம். ஒண்ணு முழுசா எரிஞ்சு போச்சு, இன்னொண்ணுல ஒரு பகுதி போச்சு, மிச்சத்தையும் அணைச்சு வைக்க வேண்டியதாப் போச்சு. பேக்கப் வச்சிருந்தவன் தப்பிச்சானான்னு கேளு. பேக்கப்பை அதே வளாகத்துல வச்சிருந்தவனுக்கு அதுவும் சேந்து போச்சு. ரஸ்ட்னு ஒரு விளையாட்டு இருக்குல்லா, அங்க இருந்த அதோட ஐரோப்பா சர்வர்கள்ல ஆடினவனுக சேத்து வச்சதெல்லாம் திரும்பி வரவே இல்லை.

இதுல இருந்து ரெண்டு சொல்லு. எவ்வளவு நேரத்துச் சரக்கு தொலைஞ்சா தாங்குவேங்கிறது ஆர்பிஓ. எவ்வளவு நேரம் கடை மூடிக் கெடந்தா தாங்குவேங்கிறது ஆர்டிஓ. ஆர்பிஓ நடந்ததுக்கு முந்தின நேரத்தைப் பாக்குது, ஆர்டிஓ பிந்தின நேரத்தைப் பாக்குது. ராத்திரி ஒரு தடவை மட்டும் பேக்கப் எடுக்கிறவன் ‘என் ஆர்பிஓ ஒரு மணி நேரம்’னு சொன்னா, அவன் பொய் சொல்லுதான்னு ஒனக்குத் தெரியணும். பரீட்சையில கேக்கிறதும் அதுதான்.

ட்யூரபிலிட்டி, அவைலபிலிட்டின்னு இன்னொரு ரெட்டைப் பிள்ளைக. எஸ்3-க்கு ட்யூரபிலிட்டி பதினோரு ஒம்பதுன்னு போட்டிருப்பான், 99.999999999 சதவீதம். வச்ச சரக்கு தொலையாதுன்னு அர்த்தம். கேட்டதும் கைக்கு வரும்னு அர்த்தம் இல்லை. 2017 பிப்ரவரி 28-ல அமெரிக்காவுல அவனோட பெரிய ரீஜன்ல எஸ்3 மணிக்கணக்காப் படுத்துட்டு. பில் போடுத பகுதியில ஏதோ மெதுவா ஓடுதுன்னு பாக்கப் போன ஒருத்தன், கொஞ்ச சர்வரை எடுக்கக் குடுத்த கட்டளையில ஒரு எடத்துல தப்பாத் தட்டிட்டான். கொஞ்சத்துக்குப் பதிலா நெறைய போயிட்டு. சரக்கு பத்திரமா உள்ள இருந்துச்சு, எடுக்கத்தான் வழியில்லை. ட்யூரபிலிட்டி இருந்துச்சு, அவைலபிலிட்டி இல்லை. இதை விட நல்ல விளக்கம் எந்தப் புத்தகத்துல இருக்கு? அவைலபிலிட்டியைக் கணக்காவும் தெரிஞ்சுக்கோ. 99.9-ன்னா வருசத்துக்கு 8 மணி 45 நிமிசம் மூடிக் கெடக்கலாம். 99.99-ன்னா 52 நிமிசம். ஒரு ஒம்பது கூட்டினா காசு எப்படிக் கூடும்னு கேட்டுப் பாரு, விக்கிறவன் சிரிப்பான்.

அடுத்ததுதான் எல்லாப் பரீட்சையிலயும் வர்றது, எல்லாக் கம்பெனியும் கோட்டை விடுறது. ஷேர்டு ரெஸ்பான்சிபிலிட்டி. உவமை சொல்ல மாட்டேன்னு சொன்னேன், இதுக்கு மட்டும் ஒண்ணு சொல்லுதேன். கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்தா, கூரை ஒழுகாமப் பாத்துக்கிடுததும் ஜெனரேட்டர் ஓடுததும் மண்டபக்காரன் பாடு. மொய்ப் பையைப் பாத்துக்கிடுதது ஒன் பாடு. பையைப் பந்தியில வச்சிட்டு, மண்டபக்காரன் சட்டையைப் புடிச்சா நாலு பேரு சிரிப்பான்.

மெஷினையே வாடகைக்கு எடுத்தா, ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குப் பேட்ச் போடுததும் ஒன் வேலை. கிளவுடுக்காரனே நடத்துத டேட்டாபேஸ்னா அது அவன் வேலை. ஆனா எதை எடுத்தாலும் ரெண்டு மட்டும் ஒன் தலையில இருந்து எறங்காது. ஒன் டேட்டா, அதைத் தொட யாருக்கு அனுமதிங்கிற கணக்கு. 2019-ல கேப்பிடல் ஒன் பேங்க்ல நடந்ததைப் பாரு. அமெரிக்காவுல 10 கோடிப் பேரு, கனடாவுல 60 லட்சம் பேரு விவரம் வெளியே போச்சு. சரியா அமைக்காத ஒரு வெப் ஃபயர்வாலை ஏமாத்தி உள்ள போனவ, அந்த ஃபயர்வால் கையில இருந்த அனுமதியை வச்சே எஸ்3 பக்கெட்டுகளைப் பட்டியல் போட்டு அள்ளிட்டா. காவலுக்கு நிக்கதுக்கு எதுக்குலே அத்தனை கிட்டங்கிச் சாவியும்? ‘லீஸ்ட் பிரிவிலேஜ்’னு வாய் கிழியச் சொல்லுதியே, வேலைக்கு வேணுங்கிற அனுமதிக்கு மேல ஒண்ணும் குடுக்காதேங்கிறதுதான் அது. அமெரிக்க வங்கிக் கட்டுப்பாட்டு அலுவலகம் 2020-ல அந்த பேங்குக்குப் போட்ட அபராதம் 8 கோடி டாலர். யாரு மேல போட்டுது? பேங்கு மேல.

இனிமே ஜோடி ஜோடியாப் படி. பரீட்சைக்காரன் ஆளைக் கவுக்கது அண்ணன் தம்பிகளைப் பக்கத்துப் பக்கத்துல நிறுத்தித்தான். செக்யூரிட்டி குரூப்பு போனவனை ஞாபகம் வச்சிருக்கும், பதிலோட திரும்பி வந்தா கேள்வி கேக்காம விடும். ஸ்டேட்ஃபுல். அதுல அனுமதி மட்டும்தான் எழுதலாம், தடை எழுத முடியாது. நெட்வொர்க் ஏசிஎல்லுக்கு ஞாபகமே கெடையாது, வரும்போதும் கேக்கும், போகும்போதும் கேக்கும். ஸ்டேட்லெஸ். அனுமதி, தடை ரெண்டும் எழுதலாம், நம்பர் வரிசையில பாத்துக்கிட்டு வந்து மொதல்ல பொருந்துறதோட நிப்பாட்டிடும். ஐடிஎஸ் கண்டா கத்தும், ஐபிஎஸ் கண்டா தடுக்கும். நீ யாருன்னு கேக்கது ஆதன்டிகேஷன், நீ என்ன செய்யலாம்னு கேக்கது ஆதரைசேஷன்.

என்க்ரிப்ஷனும் ஹாஷிங்கும் அப்படித்தான். என்க்ரிப்ட் பண்ணினதைச் சாவி இருந்தாத் திருப்பலாம். ஹாஷ் பண்ணினதைத் திருப்ப முடியாது, இன்னொருக்காப் போட்டு ஒத்துப் பாக்கத்தான் முடியும். அப்பம் ‘சால்ட்’ எதுக்குன்னு நீ கேக்கலை, நான் சொல்லுதேன். 2012-ல லிங்க்டுஇன்ல இருந்து 65 லட்சம் பாஸ்வேர்டு ஹாஷ் வெளியே வந்துச்சு. போனது 11 கோடிக்கு மேலன்னு 2016-ல தெரிஞ்சுது. சால்ட் போடாத எஸ்ஹெச்ஏ-1. ஒரே பாஸ்வேர்டு வச்ச ஆயிரம் பேருக்கும் ஒரே ஹாஷ், ஒண்ணை ஒடைச்சா ஆயிரமும் ஒடைஞ்சுது. ஆளுக்கு ஆள் வேற வேற உப்புப் போட்டா ஹாஷும் வேற வேறயாப் போயிடும். தன் பேரையும் 123-ஐயும் சேத்து பாஸ்வேர்டு வச்சிருக்கவனுக்கு எத்தனை உப்புப் போட்டாலும் பிரயோசனம் இல்லைங்கிறது தனி விசயம். நான் யாரையும் சொல்லலை.

எம்எஃப்ஏ-வும் கேளு. தெரிஞ்சது ஒண்ணு, கையில இருக்கிறது ஒண்ணு, ஒடம்புல இருக்கிறது ஒண்ணு. இதுல ரெண்டு வகை சேரணும். பாஸ்வேர்டும், ‘ஒங்க ஆச்சி பேரு என்ன’ங்கிற கேள்வியும் வச்சா ரெண்டு ஆச்சான்னு பரீட்சையில கேப்பான். ஆகாது, ரெண்டுமே தெரிஞ்ச வகை. அதுவும் ஒங்க ஆச்சி பேரு இந்தத் தெருவுக்கே தெரியும். கணக்குக்குள்ள ஒருத்தன் நுழைஞ்சிட்டா என்ன ஆகும்னு பாரு. 2014 ஜூன்ல கோட் ஸ்பேசஸ்னு ஒரு கம்பெனி. அவங்க அமேசான் கணக்கோட கட்டுப்பாட்டுப் பலகையில ஒருத்தன் நுழைஞ்சு காசு கேட்டான். இவங்க கணக்கை மீட்கப் பாத்ததும் சர்வர், பேக்கப்புன்னு கண்ணுல பட்டதையெல்லாம் அழிச்சிட்டான். பேக்கப்பும் அதே கணக்குக்குள்ளதான். பன்னெண்டு மணி நேரத்துல கம்பெனியே முடிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் தெறக்கலை. ஓவிஹெச்சுல தீ செஞ்சதை இங்க ஒரு திருடன் செஞ்சான். பேக்கப்பு தள்ளி இருக்கணும்னா, எடம் தள்ளி இருந்தாப் பத்தாது, சாவியும் தள்ளி இருக்கணும்.

சோசியல் இன்ஜினியரிங் பாடத்தை நீ படிக்க வேண்டாம், என்கிட்ட கேளு. ஒருத்தன் போன் போட்டு, மும்பை போலீஸ்னான். ஒங்க பேர்ல பார்சல் வந்திருக்கு, அரை மணி நேரத்துல கைதுன்னான். போலீஸ்னது அத்தாரிட்டி, அரை மணி நேரம்னது அர்ஜென்சி, கைதுன்னது இன்டிமிடேஷன். மூணும் ஒன் சிலபஸ்ல இருக்கு. போன்ல வந்ததால விஷிங், எஸ்எம்எஸ்ல வந்தா ஸ்மிஷிங், மெயில்ல வந்தா ஃபிஷிங். ஓடிபி சொல்லுங்கன்னான். எழுதிக்கோங்கய்யான்னு சொல்லி, “பத்து, புள்ளி, சைபர், புள்ளி, சைபர், புள்ளி, அஞ்சு”ன்னேன். முழுசா எழுதி முடிச்சிட்டு, “புள்ளி எதுக்கு?”ன்னான். “அது பிரைவேட்டு நம்பருய்யா, வீட்டுக்கு வெளியே செல்லாது”ன்னேன். வச்சிட்டான். யாராவது பணத்தைக் குடுத்து ஏமாந்திருந்தா 1930-க்கு ஒடனே போன் போடச் சொல்லு. வெக்கப்பட்டுக்கிட்டு உக்காந்திருக்க நேரத்துல பணம் கணக்கு மாறிப் போயிடும்.

கடைசியா, டெலிகிராம்ல ‘அசல் கேள்வித்தாள், பாஸ் கேரண்டி’ன்னு ஒருத்தன் விக்கானே, அதை வாங்கலாமான்னு ஒன் சேக்காளிகிட்ட குசுகுசுன்னு கேட்டேல்லா? காது மந்தம்தான் எனக்கு, செவிடு இல்லை. பரீட்சைக்கு உக்காரும்போதே கேள்வியை வெளியே சொல்ல மாட்டேன்னு ஒப்பந்தத்துல தட்டிட்டுத்தான் உக்காருத. அப்படிப் படிச்சதைக் கண்டுபிடிச்சா சர்டிபிகேட்டைப் புடுங்கிடுவான். செக்யூரிட்டி பரீட்சைக்குத் திருட்டுச் சரக்கு வாங்கிப் படிச்சேன்னு சொல்லிக்கிட்டு எந்த இன்டர்வியூவுக்குலே போவே? போனாலும், ‘இந்த ஸ்டேட்லெஸ்ஸை மாத்தி ஸ்டேட்ஃபுல்லா வச்சா என்ன ஆகும்?’னு ஒரே ஒரு கேள்வி கேப்பான். உருப்போட்டவன் அங்க முழிப்பான்.

அமேசானோட கிளவுட் பிராக்டிஷனர் பரீட்சையில 65 கேள்வி, 90 நிமிசம், ஆயிரத்துக்கு 700 எடுத்தாப் பாஸ். அந்த 65-ல 15 கேள்விக்கு மார்க்கே கெடையாது, அவன் சோதிச்சுப் பாக்கப் போட்டது. எது அந்த 15-ன்னு சொல்ல மாட்டான். அதனால வினோதமா ஒண்ணு வந்தா அதுலயே உக்காந்து அழாதே, தள்ளி வச்சிட்டுப் போ. தப்புக்கு மார்க்கு கொறைக்க மாட்டான், வெறுமனே விட்டாலும் தப்புதான். அதனால ஒண்ணையும் காலியா விடாதே. சர்டிபிகேட்டு மூணு வருசத்துக்குத்தான் செல்லும்.

ஆகக் கூடி நான் சொல்லுதது இதுதான். ஒரு சொல்லைப் பாத்தா, இது இல்லாம யாரு என்ன பாடு பட்டான்னு கேளு. பதில் சொல்ல முடிஞ்சா அந்தச் சொல்லு ஒனக்குத் தெரியும். முடியலைன்னா, எழுத்துக் கூட்டத் தெரியும், அவ்வளவுதான். நாளைக்கு ஒரு கம்பெனிக்காரன் சர்வரை ஒன் கையில குடுக்கும்போது, அடுத்த அடி அவனுக்கு விழாமப் பாத்துக்கிடுததுக்குத்தான் சம்பளம். போ, போயி மொதல்ல அந்த ஈசி2 மெஷினை நிப்பாட்டு. ஒங்க அப்பன் வர்ற நேரம் ஆச்சு.